மீனின் வாய்க்குள் போன படிக்கட்டு

மாரி காலத்து விறகைப் பற்றவைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் காய்ந்த கடதாசியின் அருமை தெரியும். எழுபத்தொன்பதாம் வருஷம் கனகராயன்குளத்தில் மழை விடாமல் அடித்தது. அமராவதியின் குடிசையில் அடுப்புக்குக் கிடைத்த ஒரே காய்ந்த கடதாசி கடைச் சரைதான். சீனி, பருப்பு, செத்தல் மிளகாய் எல்லாவற்றையும் பழைய கடதாசியில் கூம்பாகச் சுருட்டி, வாயை மடித்துத்தான் கடையில் கொடுப்பார்கள். சாமானைப் போத்தலில் கொட்டியதும் சரை அடுப்புக்குப் போகும். யாரும் அதை விரித்துப் பார்ப்பதில்லை.

அன்றைக்கு அமராவதி விரித்துப் பார்த்ததற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. கடதாசி தடித்து மொத்தமாக இருந்தது, நெருப்புப் பிடிக்கவில்லை. இரண்டு குச்சி வீணாய்ப் போன ஆத்திரத்தில், என்ன சனியன் கடதாசி இது என்று பிரித்தாள்.

உள்ளே ஒரு வயல். வரிசை வரிசையாக நட்டிருந்தது நெல்லை இல்லை, மனிதக் கைகளை. மணிக்கட்டுவரை சேற்றில் ஊன்றி, விரல்களை விரித்துக்கொண்டு நின்றன. தலை இருக்க வேண்டிய இடத்தில் லாம்புச் சிமினி வைத்த ஆட்கள் வரம்பில் நடந்து, அந்தக் கைகளுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஏ புள்ள, தேத்தண்ணி இன்னிக்கா, மழை விட்டப்பெறவா?" மூலையில் மண்வெட்டிக்குப் பிடி செதுக்கிக்கொண்டிருந்த புருஷன் சுடலைமுத்து கேட்டான்.

"பொறுங்க. இங்க ஒரு அநியாயம் நடக்குது. வயல்ல கை மொளைச்சிருக்கு."

சுடலைமுத்து எழுந்து வந்து பார்த்தான். "நல்லதுதானே. களையெடுக்க ஆள் வேணாம். அதுங்களே புடுங்கிக்கும்."

அமராவதி தாளைத் திருப்பினாள். மறுபக்கத்தில் ஒரு வீடு தலைகீழாக நின்றது. அதன் வாசலிலிருந்து ஒரு படிக்கட்டு இறங்கி, வாயைத் திறந்துகொண்டு கிடந்த பெரிய மீனுக்குள் போனது. ஒரு பெண் உள்ளே போய்க்கொண்டிருந்தாள். சாதாரணப் பெண்தான். கொண்டை போட்டிருந்தாள், செருப்பில்லை. பாதி உடம்பு மீனுக்குள், பாதி வெளியில். அத்தோடு தாள் முடிந்துவிட்டது. கீழே எழுதியிருந்த எழுத்து, கள்ளுக் குடித்த எறும்புகள் வரிசையில் போனது போல இருந்தது.

"எங்க போறா இவ?" என்றாள் அமராவதி.

அன்றைக்குத் தேத்தண்ணி கிடைக்கவேயில்லை.

அமராவதியை மாதிரி ஒரு ஆள் படத்துக்கு மயங்குவாள் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். கலண்டரில்கூட அவள் பார்ப்பது திகதியைத்தான். மாத்தளைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்து, கொழுந்து பறித்து, எழுபத்தேழு ஆவணிக் கலவரத்தில் லயத்து வரிசை வீடுகளுக்கு நெருப்பு வைத்தபோது புருஷனோடு லொறி ஏறி வந்தவள். வன்னிப் பக்கம் கண்டி றோட்டில் இறக்கிவிட்ட இடத்திலிருந்து காட்டுக்குள் நடந்து, பற்றையை வெட்டி, மண் பிசைந்து சுவர் வைத்தாள். வாய் மட்டும் தோட்டத்திலிருந்து முழுசாக வந்து சேர்ந்தது. கூலிக்கு நிற்கிற இடத்தில் வேலை பிழையென்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. சொன்னால் திருப்பிக் கிடைப்பது கூடவாக இருக்கும்.

மறுநாள் காலையில் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு றோட்டுக் கடைக்குப் போனாள். கடை மயில்வாகனத்துடையது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அங்கேயே ஊறிப்போன மனிசன்.

"மொதலாளி, சீனி கட்டிக் குடுத்தீங்களே ஒரு கடதாசி, அது எங்கேருந்து வந்துச்சு?"

"ஏன் பிள்ளை, ஒழுகிப்போச்சோ? எனக்குத் தெரியும். மொத்தக் கடுதாசி, மடிக்க மடிக்க விரியுது. வவுனியாவிலை பழைய பேப்பர் கட்டு வாங்கினனான். அதுக்குள்ள கிடந்த மூதேவி."

"மூதேவியில மிச்சம் இருக்கா?"

மயில்வாகனம் மேசைக்குக் கீழேயிருந்து ஒரு தடித்த புத்தகத்தை இழுத்துப் போட்டார். பாதி கிழிந்திருந்தது. அட்டையும், நூலில் தொங்கிக்கொண்டு கொஞ்சத் தாள்களும் மிச்சம். குடை பிடித்த மரங்கள், சக்கரத்துக்குப் பதிலாக முழங்கால் வைத்த வண்டி, உள்ளங்கையில் தூங்குகிற ஊர். ஒவ்வொன்றையும் அழுக்கு நகத்தால் தொடாமல், விரலின் பின்பக்கத்தால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"இது என்னா பாசைங்க?"

"தமிழில்லை, சிங்களமில்லை, இங்கிலீசுமில்லை. எழுதினவனுக்காவது விளங்கிச்சுதோ தெரியாது."

"எனக்குத் தாங்க இத."

"தந்திட்டுச் சாமானை நான் உன்ரை சீலைத் தலைப்பிலையோ கட்டுறது?"

"தேக்கெலையில கட்டுங்க. நனையாது, ஒழுகாது. ஒரு தாளுக்கு ஒரு கட்டு எலை கொண்டாறேன். இதுல கட்டுன சீனியில பாதி றோட்டுலதான் கெடக்கு."

அது உண்மையானபடியால் மயில்வாகனம் யோசித்தார். பிறகு சரியென்றார். தேக்கங்காட்டில் அட்டை கடிக்கக் கடிக்க இலை பறித்து, கழுவித் துடைத்து, கட்டுக் கட்டாகக் கொண்டுபோய் மிச்சப் புத்தகத்தை வாங்கினாள் அமராவதி. கிழித்துப் போனவை? அதற்கும் மயில்வாகனத்திடம் விடை இருந்தது. கடைக்காரன் பெற்ற பிள்ளையின் பெயரை மறந்தாலும், யாருக்கு எதை எதில் கட்டிக் கொடுத்தான் என்பதை மறக்கமாட்டான்.

"செத்தல் மிளகாய் பாலன் வீட்டுக்கு. மல்லி தங்கம்மாவுக்கு. கற்பூரம் எங்கட இளையதம்பியின்ரை மனுசிக்கு..."

அமராவதி வீடு வீடாக ஏறி இறங்கினாள். பாலனின் பெண்சாதி அந்தத் தாளைப் பிள்ளையின் கொப்பிக்கு உறையாகப் போட்டிருந்தாள். அமராவதி சீமெந்துப் பைத் தாளில் அதைவிட நல்ல உறையாகப் போட்டுக் கொடுத்து இதைக் கழற்றி வந்தாள். மிளகாய்த் தூள் மூக்கில் ஏறி, வழி முழுக்கத் தும்மல். தங்கம்மா வீட்டில் பாதித் தாள்தான் கிடைத்தது.

"மிச்சப் பாதி?"

"அதோ நிக்குது" என்று ஆட்டைக் காட்டினாள் தங்கம்மா. "வேணுமெண்டா அறுத்து எடு. உனக்கென்ன விசரோ? சோத்துக்கு வழியில்லை, கடுதாசி பொறுக்கிறாய்."

"சோத்துக்கு வழி பண்ணிட்டுத்தான் வந்தேன். ஒங்க வீட்டு ஒலைய இறக்கினீங்களா? தீயுற வாசம் வருது."

தங்கம்மா குசினிக்கு ஓடினாள்.

வந்த தாள்களைச் சாக்கு ஊசியால் தைத்தாள். எது முன், எது பின் என்று யாருக்குத் தெரியும்? அமராவதி அந்தக் கொண்டைக்காரியை வைத்துப் பிடித்தாள். சில தாள்களில் அவளுக்குப் பெண்ணின் தலை, சில தாள்களில் மீன் தலையும் ஆறு கையும். நிற்கிற விதமும் வெறுங்காலும் அதே ஆள்தான். ஆகவே பெண் தலை முன்னுக்கு, மீன் தலை பின்னுக்கு. நடுவில் மீனின் வயிற்றுக்குள் ஏதோ நடந்திருக்கிறது. அந்தத் தாள் மட்டும் இல்லை.

மழை நாளில் வேலை இல்லாவிட்டால் பக்கத்துக் குடிசைக்காரர் வந்து சாக்கில் குந்திக்கொண்டு பார்த்தார்கள். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. விடிந்தால் மண்வெட்டி, கத்தி, சட்டி, பானை. உதவுகிற சாமானையே பார்த்துப் பழுத்த கண்கள். ஒன்றுக்கும் உதவாத ஒரு உலகத்தைப் பார்த்தால் கண் தானாகப் போய் ஒட்டிக்கொள்கிறது. வேறு விளக்கம் தேவையில்லை.

சுடலைமுத்து மட்டும் வேறொன்று தேடினான். எல்லாத் தாளையும் ஒன்றுக்கு இரண்டு தரம் பார்த்துவிட்டுச் சொன்னான்: "இந்த ஊர்ல வெரட்டி வேல வாங்கக் கங்காணி இல்லடி."

"இந்தா, தொப்பி போட்டு ஒருத்தன் நிக்கிறானே."

"நல்லாப் பாரு. அது காளான்."

சிரிப்புத்தான். ஆனால் தாள் முடிந்து அந்த மீன் வாய்க்கு வந்ததும் எல்லாரும் ஒன்றையே கேட்டார்கள். உள்ளே என்ன நடந்தது? அமராவதிக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில், வந்து சேராத ஒரே தாளைத் தேடிக் கற்பூரச் சரை போன வீட்டுக்குப் போனாள்.

இளையதம்பியின் மனைவி இராசேஸ்வரி பெரிய கமக்காரி. குளத்துத் தண்ணீர் பாயும் காணி, ஓட்டு வீடு, பின்வளவில் நிலக்கடலை போட்ட கச்சான் தோட்டம். அந்தத் தோட்டத்துக்குப் புல்லுப் பிடுங்குகிறவள் அமராவதிதான். ஆனாலும் குசினி வாசலைத் தாண்டி அவள் உள்ளே போனதில்லை. மலைநாட்டிலிருந்து வந்த கூலியாட்களுக்கு அந்த வாசலோடு எல்லாம் முடிந்துவிடும், தேத்தண்ணியும் பேச்சும்.

"அந்தப் படமோ?" இராசேஸ்வரி கைகூப்பினாள். "அது அம்மாளாச்சியெல்லோ. வெள்ளிக்கிழமை கற்பூரம் வாங்கிப் பிரிக்கிறன், ஆறு கையோட, மீன் முகத்தோட வந்து இருக்கிறா. சாமியறைச் சுவரிலை சோத்துப் பசையாலை ஒட்டி விளக்கு வைச்சனான். அடுத்த கிழமையே எங்கட சிவப்பி நாகு கன்று போட்டுது."

"அது சாமி இல்லீங்கம்மா. ஒரு புஸ்தகத்துப் பொம்பளை. மீனுக்குள்ள போயிட்டா. அந்தத் தாளுக்குப் பின்பக்கம் என்னா இருக்குன்னு பாக்கணும். பாத்துட்டுத் தந்துர்றேன்."

"சாமியின்ரை முதுகைப் பாக்கவேணுமாம்! வாயைக் கழுவடி."

"அப்ப நானே உள்ள வந்து..."

"உள்ளையோ?" இராசேஸ்வரியின் குரல் ஏறியது. "இனி இந்தக் கதை கதைச்சால் கச்சானுக்கு வேற ஆளைப் பாப்பன்."

"பாருங்க" என்றாள் அமராவதி. கூலிக்காரி அப்படிச் சொல்லக்கூடாது. சொல்லிவிட்டாள்.

வேலை போனது. சுடலைமுத்து தலையில் கை வைத்தான்.

"ஒரு கடதாசிக்காக நிக்கிற வேலையக் கெடுத்துக்கிட்டியே. போய் மன்னிப்புக் கேளு."

"கேக்க மாட்டேன். லயத்துலேருந்து ஓடி வரும்போது அடுப்புல சோறு பாதி வெந்துக்கிட்டிருந்திச்சு. கொட்டிட்டு வந்தோம். கோழி அடையில இருந்திச்சு, விட்டுட்டு வந்தோம். எல்லாம் பாதி. இதையாவது முழுசாப் பாத்துட்டுத்தான் விடுவேன்."

சுடலைமுத்து எழுந்துபோய்க் கோடரியைத் தீட்டினான். மறுநாள் தனியாக விறகு வெட்டப் போனான்.

அமராவதி வேறு தோட்டத்தில் மிளகாய்க்குப் புல்லுப் பிடுங்கப் போனாள். போகிற வழி இராசேஸ்வரியின் வேலிப் படலையைத் தாண்டித்தான். தினமும் தாண்டும்போது நின்று, குனிந்து நமஸ்காரம் பண்ணுகிறவள் போல ஒரு வார்த்தை எறிந்துவிட்டுப் போனாள்.

"அம்மா, அவங்க தலையக் கழட்டிக் கடகக் கூடையில வச்சுக்கிட்டுச் சந்தைக்குப் போறாங்க. வேற தாள்ல இருக்கு."

இன்னொரு நாள்: "அம்மா, ஒங்க அம்மாளாச்சி கெணத்தடியில ஒக்காந்து செதிலச் சாம்பல் போட்டுத் தேய்க்கிறாங்க."

இராசேஸ்வரி விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஆனால் கேட்டது வேறு.

"எந்தக் கிணத்தடியிலை?"

"வந்து பாருங்க."

"புத்தகத்தை இங்கை கொண்டு வா. நான் பாக்கிறன்."

"ஒங்க தாளு சாமியறைய விட்டு வராது. என் புஸ்தகம் என் வீட்ட விட்டு வராது."

"எடி, உனக்கு எவ்வளவு கொழுப்பு!"

"ஆமாங்க. கொழுப்பு மட்டுந்தான் சொந்தம், மத்ததெல்லாம் எரவல்."

இதற்குள் புதிதாக வந்த ஆட்கள் புல்லோடு சேர்த்துக் கச்சானின் வேரையும் இழுத்துவிட்டார்கள். இராசேஸ்வரிக்கு அது ஒரு எரிச்சல். அதைவிடப் பெரிய எரிச்சல் விளக்கு வைக்கிற நேரத்தில். கண்ணை மூடினால் அம்மாளாச்சி தலையைக் கடகத்தில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போகிறாள். மந்திரம் பாதியில் அறுந்துபோகிறது.

ஒரு மத்தியானம் குடையைப் பிடித்துக்கொண்டு, சீலையைச் சேறு படாமல் தூக்கிக்கொண்டு, அமராவதியின் குடிசைக்கு முன்னால் இராசேஸ்வரி வந்து நின்றாள். வேலிக்கு மேலால் அக்கம்பக்கம் எட்டிப் பார்த்தது.

"என்ன வேடிக்கை? போய் வேலையைப் பாருங்கோ" என்று அவர்களைத் துரத்திவிட்டுக் குனிந்து உள்ளே வந்தாள். அமராவதி பாயை உதறிப் போட்டாள். கொஞ்ச நேரம் பாயையே பார்த்துவிட்டு இராசேஸ்வரி அதில் குந்தினாள். தேத்தண்ணி கொடுத்தபோது வாங்கிப் பக்கத்தில் வைத்தாள்.

புத்தகத்தைப் பார்க்கத் தொடங்கினாள். முதலில் மூக்கால் பார்த்தாள், பிறகு கண்ணால். ஆறு கை உள்ளவள் ஒரு கையால் மா இடிக்கிறாள், ஒன்றால் அழுகிற மேகத்துக்கு மூக்குத் துடைக்கிறாள், ஒன்றால் தன் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், மற்றவற்றால் முடிவில்லாத ஒரு துணியைப் பிழிந்துகொண்டேயிருக்கிறாள். பிழிந்த தண்ணீரில் கதிரைகள் நாலு காலையும் அடித்து நீந்துகின்றன.

இராசேஸ்வரி தேத்தண்ணியை எடுத்து ஒரு மிடறு குடித்தாள். குடித்தது அவளுக்கே தெரியவில்லை.

"ஆறு கை இருந்தும் இவளுக்கு வேலை முடியேல்லை, பாத்தியே" என்றாள்.

"சாமியா இருந்தா முடிச்சிருக்குங்களே."

"சாமியோ ஆரோ, விளக்கு வைச்சது வைச்சதுதான்." இராசேஸ்வரி கடைசித் தாள்வரை தள்ளி, திரும்ப மீன் வாய்க்கு வந்தாள். விரல் அங்கேயே நின்றது. "இதுக்குள்ளை போய்த்தானே எங்கட வீட்டிலை இருக்கிறா?"

"ஆமாங்க. அவங்களுக்கு அந்தத் தல எப்பிடி வந்திச்சுன்னு பின்பக்கத்துல இருக்கும்."

இராசேஸ்வரி எழுந்து குடையை விரித்தாள். வாசலில் திரும்பினாள்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? காலைக் கழுவிப்போட்டு வா. உரிக்கிறது உன்ரை கை. சாமியை நான் சுரண்டமாட்டன்."

குசினி வாசல், நடு அறை, சாமியறை. அமராவதி இடப்பக்கம் வலப்பக்கம் பார்க்காமல் நடந்தாள். படம் சுவரில் குங்குமமும் புகையுமாக இருந்தது. இருவருமாக ஈரத் துணியை ஒற்றி ஒற்றிப் பசையை ஊறவைத்தார்கள். பிறகு அமராவதி ஒரு மூலையைப் பிடித்து மெல்ல உரித்தாள்.

சுவரில் மண் கோடுகள். சோத்துப் பசையைத் தேடி வந்த கறையான் தாளின் பின்பக்கத்தை ஒரு பொட்டு விடாமல் அரித்துத் தின்றிருந்தது. முன்பக்கம் மட்டும் தோலாக, அம்மாளாச்சியோடு அவள் கையில் வந்தது.

இராசேஸ்வரி தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, நான்தானே பசை பூசினனான்."

அமராவதி கறையான் அரித்த பக்கத்தைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாலும் அங்கே ஒன்றுமில்லை. இலை பறித்தது, வேலையை விட்டது, தினம் படலையில் நின்றது எல்லாம் கறையானுக்கு. அழுவாளோ என்று இராசேஸ்வரிக்குப் பயமாகப் போய்விட்டது.

"அம்மா" என்றாள் அமராவதி. "கரி இருக்கா?"

"என்னத்துக்கு?"

"புஸ்தகத்து அட்டைக்குள்ள ஒரு வெறுந்தாள் இருக்கு. இந்தப் படத்த ஒரு பக்கம் பாத்துப் போட்டுக்கிறேன். நீங்க ஒங்க சாமிய வச்சுக்குங்க. மறுபக்கம் நானே போடுறேன்."

"உனக்குக் கீற வருமோ?"

"வராது. வர்ற மாதிரிப் போடுறேன்."

அந்தக் கிழமையே கச்சான் தோட்டத்துக்கும் திரும்பி வந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சாமியறை நிலத்தில் தாளை விரித்துக்கொண்டு குந்தினாள். அடுப்புக் கரி, செங்கல் தூள், மஞ்சள், அகத்தி இலைச் சாறு. முன்பக்கத்துப் பொம்பளைக்கு ஆறாவது கை கொஞ்சம் குட்டையாகப் போனது. இராசேஸ்வரி கதிரையைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டு பிழை பிடித்தாள். அமராவதி பதில் சொல்லிச் சொல்லிக் கீறினாள்.

பின்பக்கத்துக்கு வந்ததும் சண்டை கூடியது. படிக்கட்டு மீனின் வயிற்றில் இறங்கி முடிகிற இடத்தில் அமராவதி ஒரு பலகைத் தட்டுப் போட்டு, அதில் தலைகளை அடுக்கினாள். மாட்டுத் தலை, குருவித் தலை, குத்துவிளக்குத் தலை, மீன் தலை.

"ஆர் அவளுக்கு அதைப் பூட்டிவிட்டது?" என்று கேட்டாள் இராசேஸ்வரி.

"யாரும் மாட்டல. அவளே பாத்து எடுத்துக்கிட்டா. பழசு வலிச்சிருக்கும்."

இராசேஸ்வரி தன் கழுத்தைத் தடவிவிட்டுக்கொண்டாள். "அப்ப பக்கத்திலை ஒரு கிணறு போடு. துலாவோடை."

"கெணறு வேணாங்க. தண்ணி அள்ளித் தோள்பட்டை கழண்டுபோச்சு. கொழா போடுறேன்."

"மீன் வயித்துக்குள்ளை குழாய்க்கு எங்கயிருந்தடி தண்ணி வரும்?"

"மீனு தண்ணிக்குள்ளதானங்க கெடக்கு."

இராசேஸ்வரி கதிரையை இன்னும் கிட்ட இழுத்தாள்.

"ரெண்டாப் போடு" என்றாள். "ஒண்டிலை சுடுதண்ணி."